கிணத்தடி அம்மனும் ஆயில் இஞ்சினும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் ஓர் இடத்துக்குத்தான் வந்து சேரும். "அந்தக் காலத்துல எல்லாத்துக்கும் சாமி, பேய், தீட்டுன்னு கெடந்தாங்க. இப்பப் பாருங்க, எதுக்கும் சயின்ஸ்ல பதில் இருக்கு." சொல்லிவிட்டு, அந்த சயின்ஸைத் தாங்களே ராத்திரி பகலாகக் கண்முழித்துக் கண்டுபிடித்ததுபோல ஒரு செருமல் வேறு. நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருப்பேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் நடத்திச் சம்பளம் வாங்கினவள் தலையாட்டாமல் என்ன செய்ய. ஆனால் உள்ளுக்குள் அப்படி ஓர் இளக்காரம் வரும். உங்கள் மேலும்தான், என் மேலும்தான். அது ஏன் என்று இன்றைக்குச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். கேட்டுவிட்டு அப்புறம் பெருமையடித்துக்கொள்ளுங்கள்.

ரஷ்யாக்காரன் வானத்துக்கு நாயை அனுப்பினானே, அதற்கு மறு வருஷக் கோடை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் ஊர் திருவாடானைக்குக் கிழக்கே, காரங்காட்டுப் பக்கம், கடலுக்கு அரை மைல் உள்ளே இருந்தது. எங்கே தோண்டினாலும் உப்புத்தான் வரும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் இளநீராக இருந்தது. அங்கேதான் ஊர்ப் பொதுக் கிணறு. கயிறு உராய்ந்து உராய்ந்து அதன் விளிம்புக் கல்லில் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். சகடை உருளுகிற கிரீச்சுச் சத்தத்தில்தான் ஊருக்கு விடியும். பக்கத்தில் மஞ்சள் பூசின ஒரு கல் உண்டு. அதுதான் கிணத்தடி அம்மன். முதல் குடம் அந்தக் கல்லுக்கு ஊற்றிவிட்டுத்தான் மனுஷர் குடிக்கலாம்.

அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அய்யா அந்தக் கல்லைப் பார்த்தாலே சிரிப்பார். ஊரில் பேப்பர் வரவழைத்துப் படித்த ஒரே ஆள் அவர்தான். நாய் வானத்துக்குப் போன செய்தியை வீட்டு வாசலில் நின்று சத்தமாகப் படித்துக் காட்டினவர். "மேல நாய் சுத்துது, கீழ இந்த நாய்க கல்லைச் சுத்துதுக" என்று பூசாரியின் காதுபடவே சொல்வார். பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். எனக்கோ அய்யாவை நினைத்து ஏகப் பெருமை. அவருக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தை மாதம் அவர் எங்கள் தென்னந்தோப்பில் ஆயில் இஞ்சின் இறக்கினார். சுற்று வட்டாரத்துக்கே அதுதான் முதல் இஞ்சின். தோப்புக்கும் பொதுக் கிணற்றுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். தோப்புக்குள் பொதுக் கிணற்றைவிட ஒன்றரை மடங்கு ஆழத்துக்குப் புதுக் கிணறு வெட்டி, அதன் தலைமேட்டில் இஞ்சினை உட்காரவைத்தார். டக்டக்கென்று அது அடிக்கிற அடியில் எங்கள் வீட்டுத் தட்டுகள் நடுங்கும். கச்சா எண்ணெய் வாடை சோற்றில்கூட அடிக்கும். தேங்காய் உடைக்கவா என்று பூசாரி கேட்டதற்கு, "இது சயின்ஸுய்யா, தேங்காய் கேக்காது" என்றார் அய்யா. ஊரே சிரித்தது. அம்மா மட்டும் யாரும் பார்க்காத நேரம் பார்த்து இஞ்சினின் முதுகில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டு வந்தாள்.

எண்ணெய் தொண்டியிலிருந்து வண்டியில் வரவேண்டும். அதனால் இஞ்சின் ரெண்டு நாள் ஓடும், மூன்று நாள் ஓய்ந்து கிடக்கும். ஓடுகிற நாளைக் குறித்துவைப்பது என் வேலை. அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் நாளுக்கு ஒரு புள்ளி வைக்கவேண்டும். இஞ்சின் ஓடினால் புள்ளிக்கு மேலே ஒரு கோடு. "கண்ணால பார்க்கணும், கையால குறிக்கணும். அம்புட்டுத்தான் சயின்ஸு" என்று அய்யா சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தது நல்ல பாடம்தான். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இனி தண்ணிக்காரக்கா. எங்கள் வீடு, பூசாரி வீடு, வாத்தியார் வீடு என்று ஆறேழு வீட்டுக்கு அந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றுவாள். தலையில் சும்மாடு வைத்து ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். புருஷன் கொழும்புக்குப் போனவன், ஒரு காயிதம்கூடப் போடவில்லை. அவளுக்குப் பெரிய மகள் ஒருத்தி, ஒன்றரை வயசில் ஓர் ஆண்பிள்ளை. அவள் தண்ணீர் ஊற்றி முடிக்கும் வரைக்கும் அந்தப் பிள்ளை எங்கள் கொல்லை முருங்கை மரத்தடியில் ஒரு கொட்டாங்குச்சியை வைத்து மண் அள்ளிக்கொண்டிருக்கும். அழவே அழாது.

பங்குனியில் அந்தப் பிள்ளைக்கு வயிற்றால் போய், ரெண்டே நாளில் செத்துப்போனது. நாலாம் நாள் எங்கள் அம்மா ஆள் அனுப்பிவிட்டாள். "அண்டாவுல சொட்டுத் தண்ணி இல்ல. அவுக குளிக்கணும், வரச்சொல்லு." அவளும் வந்தாள். முகம் வீங்கிப்போயிருந்தது. பன்னிரண்டு குடம் ஊற்றினாள். பூசாரி வீட்டிலும் அன்றைக்கு அவளைக் கூப்பிட்டு ஊற்றச் சொன்னார்கள், நான் கண்ணால் பார்த்தேன். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முருங்கை மரத்தடியில் கிடந்த கொட்டாங்குச்சியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அந்த வாரத்தில்தான் கிணறு கெட்டது. முதலில் யாரும் நாக்கில் கண்டுபிடிக்கவில்லை. பருப்புத்தான் காட்டிக்கொடுத்தது. உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் வேகாது, விறைத்துக்கொண்டு நிற்கும். அய்யா தட்டைத் தள்ளிவிட்டு, "பருப்பு வேகவைக்கத் தெரியாதவளைக் கட்டிவச்சாங்க" என்றார். என்னைக் கூப்பிட்டு, "ஏத்தா, பருப்பு வேகாத நாளுக்கும் சுவத்துல ஒரு குறி போடு. உங்கம்மா லட்சணம் தெரியட்டும்" என்றார். நானும் சிரித்துக்கொண்டே போட்டேன். புள்ளிக்குக் கீழே ஒரு பெருக்கல் குறி.

பத்து நாளில் ஊரே முகம் சுளித்தது. தண்ணீர் கரிக்கிறது, சோப்பு நுரைக்கவில்லை, பிள்ளைகள் குடிக்கமாட்டேன் என்கின்றன. பூசாரிக்கு அம்மன் வந்தது. யார் மேலே சொல்லும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன. தீட்டுக் கழியாமல் கிணற்றைத் தொட்டவள் எவளோ அவளால்தான் என்றது. அவளைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்ன வீடுகள் மட்டும் அந்த அம்மனுக்கு ஞாபகமில்லை. ரொம்ப நாசூக்கான அம்மன். தண்ணிக்காரக்கா இனிமேல் கயிற்றைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கயிற்றைத் தொடாவிட்டால் அவளுக்கும் அவள் மகளுக்கும் அடுத்த வேளை கஞ்சி கிடையாது. அதை அம்மனும் யோசிக்கவில்லை, ஊரும் யோசிக்கவில்லை.

அய்யா கொதித்துப்போனார். "தீட்டாவது மண்ணாங்கட்டியாவது. சுகாதார ஆபீசருக்கு எழுதிப்போட்டிருக்கேன். அவரு வந்து மருந்தை ஊத்திப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் நீ நம்ம வீட்டுல நெல்லுக் குத்து, கொல்லையைக் கூட்டு. ஆபீசரு வந்ததும் கிணறு உனக்குத்தான்" என்றார். தண்ணிக்காரக்கா அவர் காலில் விழுந்து எழுந்தாள். கும்பிடுவதற்கு அவளுக்கு ஒரு புதுச் சாமி கிடைத்தது. வேறென்ன சொல்ல.

அப்படி அவள் வீட்டுக்குள் வேலை பார்த்த நாளில்தான் சுவரைப் பார்த்தாள். அடுப்படியைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "இது என்ன பாப்பா, கோடும் குறியுமா?" என்று கேட்டாள். சொன்னேன். மேலே இருந்தால் இஞ்சின் ஓடினது, கீழே இருந்தால் பருப்பு வேகாதது. சாணிக் கையோடு எழுந்து சுவருக்குக் கிட்டே போனாள். ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாதவள். இடது கோடியிலிருந்து வலது கோடிவரைக்கும் கண்ணை ஓட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து வந்தாள்.

"பாப்பா, கோடு முன்னால போகுது, இந்தக் குறி ஒரு நாள் தள்ளிப் பின்னாலயே வருது பாரு. பசுவுக்குப் பின்னால கன்னுக்குட்டி வாரது கணக்கா. கோடு இல்லாத பக்கம் குறியும் இல்ல."

நான் பார்த்தேன். உண்மைதான். பருப்புக்குக் குறி போட ஆரம்பித்து நாற்பது நாள். நான் போட்ட குறிகள், நானே பார்த்ததில்லை.

"அப்ப இஞ்சின் ஓடுன மறுநாத்தான் தண்ணி கரிக்குது. என் பிள்ளை செத்ததுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை செத்த பிறகு அவள் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊர் சொன்னதை அவளும் பாதி நம்பித்தான் இருந்திருக்கிறாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆபீசரு வரும்போது நீ இதச் சொல்லுவியா? நான் சொன்னா எடுபடாது" என்று கேட்டாள்.

"சொல்லுறேன்க்கா" என்றேன்.

ஆபீசர் சித்திரையில் வந்தார். கண்ணாடிக் குப்பி, ஒரு தோல்பை, தலையில் தொப்பி. எங்கள் வீட்டில் சேவல் அடித்துச் சாப்பாடு. பிறகு கிணற்றடியில் ஊரே கூடியது. குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டு, வெயிலுக்கு நேரே தூக்கிப்பிடித்துப் பார்த்தார். பூசாரி சூடத் தட்டைத் தூக்கிப்பிடிக்கிற அதே தினுசு. கூட்டமும் அதே தினுசில் கழுத்தை நீட்டிப் பார்த்தது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகக்கூட எனக்கு ஞாபகம், அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

"வெயில் காலத்துல தண்ணி வத்தினா உப்புக் கூடத்தான் செய்யும். அது இயற்கை" என்றார் ஆபீசர். "ஆனா தண்ணியில கிருமி இருக்கு. சமீபத்துல இங்க யாராவது வயித்தால போய்ச் செத்தாங்களா?"

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அய்யாவின் தலையும்தான்.

"அந்த வீட்டு ஆளு கிணத்தைத் தொடக்கூடாது. ரெண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர் அனுப்புறேன்" என்றார் ஆபீசர். அவ்வளவுதான். அம்மன் சொன்ன அதே ஆள், அதே தடை. அம்மனுக்குச் சேவல் வெட்டினோம், இவருக்கும் வெட்டினோம். பூசாரி அன்றைக்கு எங்கள் அய்யாவைப் பார்த்துச் சிரித்தார். அய்யாவும் சிரித்தார். அவர்கள் ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சார், கிருமி உப்பா இருக்குமா?" என்று கேட்டேன். ஆபீசர் என் தலையில் தட்டி, "கெட்டிக்காரப் பிள்ளை" என்றுவிட்டுக் குப்பியைத் தோல்பைக்குள் வைத்தார்.

தண்ணிக்காரக்கா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். நிற்காமல் சொன்னாள். "சாமி, இஞ்சின் ஓடுன மறுநாத்தான் தண்ணி கரிக்குது. ஓடாட்டி நல்லாயிருக்கு. அய்யா வீட்டு அடுப்படிச் சுவத்துலயே கெடக்கு, நாப்பது நாளு. பாப்பாவைக் கேளுங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் இஞ்சின் மட்டும் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அய்யா என்னைப் பார்த்தார். அதட்டவில்லை, முறைக்கவும் இல்லை. மிரட்டினார் என்று இன்றைக்குவரைக்கும் என்னால் சாக்குச் சொல்லமுடியவில்லை. சும்மா பார்த்தார். கேட்கவும் செய்தார். "ஏத்தா, சுவத்துல என்ன எழுதியிருக்க?"

"வெளையாட்டுக்குக் கிறுக்குனேன்யா" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அய்யா சிரித்துக்கொண்டே, "பாருங்க சார், இவ பருப்புச் சட்டியைப் பார்த்து சயின்ஸ் சொல்றா" என்றார். ஆபீசரும் சிரித்தார். தண்ணிக்காரக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே அய்யா ஆளைக் கூப்பிட்டு அடுப்படிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். சுண்ணாம்பு வாடை நாலு நாளைக்கு இருந்தது. அம்மாவும் சுவரைப் படித்திருந்தாள் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்பு பானைகளை எடுத்து வைத்தவள் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். நின்றாளே ஒழிய வாயைத் திறக்கவில்லை. பருப்பு வேகாததற்கு ரெண்டு மாசமாகத் திட்டு வாங்கினவள் அவள்தான்.

இனிமேல்தான் வேடிக்கை. வைகாசியில் இஞ்சினில் என்னவோ உடைந்துபோனது. மதுரையிலிருந்து சாமான் வருவதற்கு ஒரு மாசம் பிடித்தது. அந்த ஒரு மாசத்தில் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து பழையபடி இனித்தது. பூசாரி கிணற்றடியில் பொங்கல் வைத்தார். தீட்டுக்காரியைத் தள்ளிவைத்ததும் ஆத்தா மனசு குளிர்ந்துவிட்டதாம். அய்யா பேப்பரை மடக்கிவைத்துவிட்டு, "பிளீச்சிங் பவுடரு வேலை செஞ்சிருச்சு, கிருமி ஒழிஞ்சது" என்றார். ரெண்டு பேருக்கும் வெற்றி. சாமான் வந்து இஞ்சின் மறுபடியும் ஓடியது. அஞ்சாறு நாளில் தண்ணீர் கரித்தது. அதற்கும் ரெண்டு பேரிடமும் பதில் இருந்தது. அவள் கிணற்றுப் பக்கமாக நடந்துபோனதை யாரோ பார்த்தார்களாம். ஒருத்தருக்கு நிழல் பட்டுத் தீட்டு, இன்னொருத்தருக்குக் காற்றுப் பட்டுக் கிருமி. எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் அரைத்துத் தள்ளுகிற செக்கு ரெண்டு பேரிடமும் இருந்தது. உங்களில் பாதிப் பேரிடம் இன்றைக்கும் இருக்கிறது.

தண்ணிக்காரக்காவை அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் சேர்க்கவில்லை. கடற்கரை மணல்மேட்டில் பனைமரங்களுக்குக் கீழே குடிசை போட்டுக்கொண்டு, மகளோடு விறகு பொறுக்கிப் பிழைத்தாள். குடிக்கத் தண்ணீருக்கு மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஓர் ஊற்றுத் தோண்டியிருந்தாள். கடல் கூப்பிடு தூரம். ஆனால் அந்தத் தண்ணீர் தித்தித்தது. மேலாகத் தோண்டி மெல்ல மொண்டால், மழைத் தண்ணீர் மணலுக்குள் உப்புத் தண்ணீரின் மேலே மிதந்து நிற்பது கிடைக்கும். உறிஞ்சி இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவரும். இதைப் பின்னால் நான் ஒரு பாடமாகவே நடத்தியிருக்கிறேன், படமெல்லாம் போட்டு.

ஆடியில் பொதுக் கிணறு வாயில் வைக்க முடியாமல் போனது. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டுக்குப் போனார்கள். தீட்டும் கிருமியும் தாகத்துக்கு முன்னால் எங்கே போயின என்று தெரியவில்லை. அவளும் ஒருத்தியையும் போ என்று சொல்லவில்லை. பூசாரி வந்து ஊற்றோரத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி, "ஆத்தா இடம் மாறி வந்துட்டா" என்றார். அய்யா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கை அள்ளிக் குடித்தார். "மணலு வடிகட்டுது. இயற்கையான ஃபில்டர் இது. சயின்ஸுப்படி இப்படித்தான் இருக்கணும்" என்று பூசாரியிடம் விளக்கினார்.

தண்ணிக்காரக்கா குனிந்து குடத்துக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். கையில் கொட்டாங்குச்சி. எனக்குத் தெரிந்த கொட்டாங்குச்சிதான்.

"இங்கன இஞ்சின் இல்லங்கய்யா. அம்புட்டுத்தான்" என்றாள், நிமிராமல்.

அய்யா ஊற்றையும் மேட்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பார்த்துக் குறித்துக்கொள்கிற மனுஷர் அல்லவா. ஆவணி பிறந்ததும் அந்த மணல்மேட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கினார். புரட்டாசியில் ரெண்டாவது இஞ்சின் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. பனைமரங்களை வெட்டித் தென்னங்கன்று வைத்தார். இஞ்சின் ஓடத் தொடங்கின அன்றைக்கு ஊரில் எல்லாரும் பார்க்கப் போனார்கள். இந்தத் தடவை பூசாரி தேங்காய் உடைக்க அய்யா ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தண்ணிக்காரக்கா மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் கொல்லை வழியாகப் போனாள். தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் வெறுங்குடம். மண்டபத்தில் கருவாடு காயப்போடுகிற வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் முருங்கை மரத்தடியில் நின்றேன். பேசாமல் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். நின்றாள். கோபமாகவெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள்.

"பாப்பா, உங்க வீட்டுல பருப்பு வேகுதா?"

"வேகுதுக்கா" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். உள்ளே அம்மா காலையிலிருந்து மூன்றாவது தடவையாக அதே பருப்பை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.